முள் சொன்னதும் ஆர்மெல் சொன்னதும்

பிரான்சில் செவ்ர் ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள நிலவறைகளில், ஆர்மெல் ப்ரோசே "இன்று வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. காலிப் பாட்டில்கள் வந்து இறங்கியிருக்கும். உதவிக்கு வந்த உறவினர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்பார்கள். அடுப்பில் பதினைந்து பேருக்குச் சாப்பாடு வெந்துகொண்டிருக்கும். இருந்தாலும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சாப்பாட்டை முடித்துக்கொண்டு எல்லாரும் கலைந்துபோவார்கள். பத்தொன்பது ஆண்டு உழைப்பில் அவளுக்கென்று சேர்ந்த சொத்து ஒன்று உண்டென்றால், மறுகேள்வி இல்லாமல் ஏற்கப்படும் இந்தச் சொல்தான் அது.

அவளுடைய தொழிற்சாலை முழுவதும் ஒரு லாரிக்குள் அடங்கும். பாட்டிலைக் கழுவுவது, நிரப்புவது, தக்கை அடிப்பது, சீட்டு ஒட்டுவது எல்லாம் ஒரே வரிசையில் நடக்கும். இந்த ஊரின் மஸ்கதே என்ற வெள்ளை ஒயின் குளிர்காலம் முழுவதும் தன் மண்டியின்மேல் அசையாமல் கிடக்க வேண்டும். நொதித்து முடிந்தபின் அடியில் குழைவாகப் படியும் அந்த மண்டிதான் நாக்கில் மெல்லிய துள்ளலையும், அப்போதுதான் வெந்த ரொட்டியின் வாசனையையும் அதற்குத் தருகிறது. வசந்தம் வந்ததும், உருவான அதே நிலவறையில், மண்டி கலங்காமல் எடுத்து அடைத்தால்தான் பாட்டிலின் கழுத்தில் 'மண்டிமேல்' என்ற பட்டையை ஒட்ட உரிமை உண்டு. இரண்டு மூன்று தொட்டி வைத்திருக்கும் குடியானவர் இதற்கென ஓர் இயந்திரம் வாங்க முடியாது. ஒயினை இயந்திரம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது. ஆகவே இயந்திரம் ஒயினைத் தேடிப் போகிறது.

ஆர்மெல் 1951இல் கடற்கரையில் சிப்பி வளர்ப்பவர் ஒருவரின் நான்காவது மகளாகப் பிறந்தவள். லாரி அவள் கணவன் லோயிக்குடையது. 1977இல் அவனுடைய முதுகெலும்பு நழுவியது. மருத்துவர் இனிக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார். மூன்றாம் நாள் ஆர்மெல் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். பெண் நிலவறைக்குள் இறங்கினால் ஒயின் திரிந்துவிடும் என்று அந்நாளில் நம்பியவர்கள் இருந்தார்கள். முதல் ஆண்டு அவளை அழைத்த பதினோரு வீடுகளில் ஆறு வீட்டார் அவளை உள்ளே விடவில்லை. அவள் வாசலில் நின்றபடியே குழாயை நீட்டினாள், அவர்கள் உள்ளிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்தது பித்தளை வளையம் போட்ட ஒரு காற்றழுத்தமானி. படகு இறக்கும் முன் அதன் முள்ளைப் பார்ப்பது அவள் வீட்டு வழக்கம். காற்றின் அழுத்தம் இறங்கும் நாளில் தொட்டியின் அடியில் கிடக்கும் மண்டி எழும்பிக் கலங்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்; ஆனால் பெரும்பாலோர் வானத்தைப் பார்த்தே முடிவு செய்தார்கள். ஆர்மெல் முள்ளைப் பார்த்தாள். 1979 மார்ச்சில் வெயில் பளிச்சென்று அடித்த ஒரு நாளில் அவள் முடியாது என்றாள். வீட்டுக்காரர் சிரித்துவிட்டு வேறொரு லாரியைக் கூப்பிட்டார். நாலாயிரம் பாட்டிலும் கலங்கலாகப் போயின. அதன்பிறகு யாரும் வாசலில் குழாய் வாங்கவில்லை; யாரும் சிரிக்கவுமில்லை.

1996 ஏப்ரல் பதினெட்டு, வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்குத் தொனாசியன் கெரோவின் முற்றத்தில் லாரி நின்றது. வடகிழக்குக் காற்று. அழுத்தமானியின் முள் 'தெளிவு' என்ற எழுத்துக்கு நேர் கீழே, ஆணி அடித்ததுபோல் நின்றது.

"முதலாளியம்மா, இந்த மாதிரி நாள் வருஷத்துக்கு நாலுதான் வரும்," என்றான் கில்தாஸ். லாரியில் அவளோடு பதினாலு ஆண்டுகளாக வேலை செய்பவன். வாயில் எப்போதும் ஏதாவது மென்றுகொண்டிருப்பான். அன்றைக்கு ஆறு கொம்புள்ள நட்சத்திரம்போல் சுட்ட இனிப்பு ரொட்டி. "மத்தியானம் என்ன சமையல்னு கேட்டியா?"

"வந்து கால் வைக்கல, அதுக்குள்ள சாப்பாடா?"

"நான் கேட்டுட்டேன். முதல்ல சிப்பி. அப்புறம் லுவார் ஆத்து மீன், வெண்ணெய்க் குழம்பு ஊத்தி. ஒழுங்கா வேலை செய்யணும்னா மனுஷனுக்கு ஒரு குறிக்கோள் வேணுமில்ல?"

தொனாசியனுக்கு அறுபத்து மூன்று வயது. ஜனவரியில் பனியில் வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்டவர், இப்போது இரண்டு ஊன்றுகோல்களோடு சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நிலவறைக்கு ஏழு படி இறங்க வேண்டும். மூன்று மாதமாக அவர் இறங்கவில்லை. அவருடைய ஒரே மகள் நோல்வென் நான்த் நகரத்தில் தாதி. ஜூன் பதினைந்தாம் தேதி அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெர்த்ரான் போர்தோ பக்கத்துக்காரன். அங்கே சிவப்பு ஒயின் நிலவறைகளில் எட்டு ஆண்டு வேலை பார்த்தவன். மாமனார் விழுந்த செய்தி கேட்டதும் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து குடியேறி, குளிர்காலம் முழுவதும் திராட்சைக் கொடிகளையும் தொட்டிகளையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டான்.

"வா பொண்ணே," என்றார் தொனாசியன். "மூணாவது தொட்டியிலேர்ந்து ஆரம்பி. அதுதான் கல்யாணத் தொட்டி."

அதற்கு விளக்கம் தேவையில்லை. எந்த வீட்டிலும், கல்யாணம் வரும் ஆண்டில், இருப்பதில் சிறந்த ஒயினை ஒதுக்கி, யாரும் கை வைக்காமல் மண்டிமேல் விட்டுவைப்பார்கள். இந்த ஊர் ஒயினின் வழக்கமே அப்படிப்பட்ட பீப்பாய்களிலிருந்துதான் வந்தது என்று சொல்வார்கள். மூன்றாவது தொட்டியில் மூவாயிரத்து அறுநூறு பாட்டில் தேறும். முந்நூறு கல்யாணத்துக்கு, மீதி, ஆண்டுதோறும் வந்து வாங்கும் பழைய வாடிக்கைக்காரர்களுக்கு.

ஆர்மெல் படி இறங்கினாள். எந்தத் தொட்டியையும் சுவைத்துப் பார்க்காமல் குழாய் மாட்டுவதில்லை என்பது அவள் வைத்திருந்த ஒழுங்கு. மேல் குழாயைத் திறந்து கோப்பையில் பிடித்தாள். நிறம் சரி. பழத்தின் மணம் சரி. வாயில் வைத்தாள். நாக்கு எதற்காகவோ காத்திருந்தது, அது வரவில்லை. அந்தத் துள்ளல் இல்லை. ரொட்டி வாசனையும் இல்லை. துடைத்துவைத்த கல்போல் ஓர் ஒயின்.

குனிந்து அடிக்குழாயைத் திறந்தாள். அதிலிருந்து கஞ்சிபோல் வெண்மையாகத் திரண்டு வரவேண்டும். ஊற்றுத் தண்ணீராகத் தெளிந்து வந்தது.

"பாத்தீங்களா மேடம்?" பெர்த்ரான் பின்னால் நின்றுகொண்டிருந்தான். கைகளைத் துடைத்தபடி, முகம் முழுக்கச் சிரிப்பு. "எவ்வளவு சுத்தம் பாருங்க. ரெண்டு தடவை வேற தொட்டிக்கு மாத்தி, அடியில கிடந்த அசிங்கத்தையெல்லாம் அள்ளிக் கொட்டி, தொட்டியைத் தேய்ச்சுக் கழுவி, திரும்ப இங்க விட்டேன். மத்த ரெண்டையும் தொடல, நேரமில்ல. இது எங்க கல்யாணத்துக்குன்னு மாமா சொன்னாரு. அதான் இதுக்கு மட்டும் தனியா மெனக்கெட்டேன். அவருக்கு இன்னும் தெரியாது. சொல்லாம வச்சிருக்கேன்."

படியில் நின்ற கில்தாஸுக்கு ரொட்டி தொண்டையில் சிக்கியது. இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தது.

போர்தோவில் அதுதான் நல்ல வேலைக்காரனுக்கு அழகு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒயினை மண்டியிலிருந்து பிரித்து வேறு பீப்பாய்க்கு மாற்றாதவனைச் சோம்பேறி என்பார்கள். இவன் தன் கையறிந்த மிகச் சிறந்த வேலையை, தன் கல்யாணத்துக்காக, அன்பாகச் செய்திருக்கிறான். அதனாலேயே இந்த வீட்டில் மூன்று தலைமுறையாக எந்தப் பாட்டிலின் கழுத்திலிருந்தும் விலகாத அந்தப் பட்டை, கல்யாண ஒயினின் கழுத்தில் ஏற முடியாமல் போனது.

ஆர்மெல் கோப்பையைக் கழுவினாள். ஒரு நிமிடம் கூடுதலாகவே கழுவினாள். குழாயை மாட்டினால் பதிவேட்டில் 'மண்டிமேல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள். அந்தப் பொய்யை அவள் எழுதமாட்டாள். மேலே போய் உண்மையைச் சொன்னால், உறவினர் பதினைந்து பேர் நிற்கும் முற்றத்தில், பெண்ணின் அப்பாவும் மாமன்மாரும் பார்க்க, இவன் நிற்பான். தொனாசியனின் கோபத்தை அவள் அறிவாள்: திராட்சைக் கொடி வெட்டத் தெரியாததற்காகத் தன் சொந்தத் தம்பியோடு பதினோரு ஆண்டு பேசாமல் இருந்தவர். பையன் தானாகப் போய், தனியாக, தன் வாயால் சொன்னால் ஒருவேளை வேறாக இருக்கும். அதற்கு அவனுக்கு ஒரு நாள் வேண்டும். ஒரு நாளை வாங்கித்தர இந்த ஊரில் அவள் ஒருத்தியால்தான் முடியும். அதற்கு விலை என்ன என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

முற்றத்துக்கு ஏறிவந்தாள்.

"இன்னைக்கு வேண்டாம், தொனாசியன். காத்து இறங்குது."

பதினைந்து பேரும் வானத்தைப் பார்த்தார்கள். மேகத்தின் சுவடுகூட இல்லை. கொடியில் காயப்போட்டிருந்த படுக்கை விரிப்புகள் வடகிழக்குக் காற்றில் விறைத்துப் பறந்தன. கில்தாஸ் லாரியின் உள்ளே தொங்கும் அழுத்தமானியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தன் காலணியைப் பார்த்துக்கொண்டான்.

தொனாசியன் ஊன்றுகோலை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார்.

"முள்ளு சொல்லுதா, நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்."

அவர் கொடியில் பறக்கும் விரிப்புகளைப் பார்த்தார். பிறகு உறவினர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்கல்ல? நாளைக்குத்தான். சிப்பியத் திறங்க, வீணாப்போகும்."

குழாயைச் சுருட்டும் சாக்கில் ஆர்மெல் பெர்த்ரானை லாரியின் மறுபக்கம் அழைத்துப் போனாள். நாலைந்து வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். அவன் முகத்திலிருந்த இரத்தம் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

"அத ஏன் எனக்கு யாருமே சொல்லல?"

"எங்களுக்கு யாரும் சொல்லித் தெரிஞ்சதில்ல தம்பி. சொல்லணும்னு யாருக்கும் தோணல. நீ அள்ளிக் கொட்டின அசிங்கம்தான் இந்த ஊரோட பேரு."

"அப்படின்னா நான் இப்பவே கிளம்பறேன். நோல்வென்கிட்ட போன்ல சொல்லிக்கறேன்."

"கிளம்பு. ரயிலுக்கு நானே கொண்டுவிடறேன். அப்புறம் அந்த மனுஷன்கிட்ட யாரு சொல்றது? ஊன்றுகோலோட ஏழு படி இறங்கி அவரே கண்டுபிடிக்கட்டுமா?"

அவன் நிலவறைப் படிகளின் பக்கம் பார்த்தான்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வருவேன்," என்றாள். "வந்ததும் அடிக்குழாயத் திறப்பேன். அதுக்குள்ள அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது."

அன்று மாலை லோயிக் விலாங்கு மீனைப் பூண்டும் கீரையும் போட்டு வறுத்து வைத்திருந்தான். பள்ளிக்கூட வண்டி ஓட்டுபவன் ஆதலால் நாலு ஊர்ச் செய்தியும் அவனுக்கு முதலில் வந்துவிடும்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு லாரி இன்னைக்கு வேலை செஞ்சிருக்கு. அற்புதமான நாளாம். நீ மட்டும் காத்து இறங்குதுன்னியாமே?"

"சொன்னேன்."

"இறங்குச்சா?"

"இல்ல."

லோயிக் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "இருபத்து நாலு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கோம். நான் வாங்கின சட்டை நல்லாயிருக்குன்னுகூட ஒரு பொய் சொன்னதில்ல நீ. முள்ளு விஷயத்துலயா ஆரம்பிக்கணும்?"

"அந்தச் சட்டை நல்லாயில்ல," என்றாள் ஆர்மெல். இருவரும் சிரித்தார்கள். ஆனால் அவள் தட்டில் பாதி மீன் அப்படியே இருந்தது. சட்டைக்குப் பொய் சொல்லியிருந்தால் ஒரு சட்டையோடு போயிருக்கும். இது அப்படிப் போகாது என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் ஏழு மணிக்கு ஆர்மெலும் கில்தாஸும் வந்தபோது நிலவறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மூன்றாவது தொட்டிக்கு எதிரில், கவிழ்த்த பெட்டியின் மேல் தொனாசியன் உட்கார்ந்திருந்தார். பெர்த்ரான் சுவரோரம் நின்றான். ஏழு படியும் அவரை அவன்தான் முதுகில் சுமந்து இறக்கியிருக்க வேண்டும், அவன் தோளில் சட்டை கசங்கியிருந்தது. அவர் முன்னால் ஒரு தட்டில் ஆறு சிப்பி, இன்னொன்றில் முந்தின நாள் மீதியான மீனும், சின்ன வெங்காயமும் வினிகரும் ஒயினும் சுண்டவைத்து வெண்ணெய் அடித்துச் சேர்த்த குழம்பும்.

"காலங்காத்தால சொன்னான்," என்றார். "அரை மணி நேரம் கத்தினேன். நல்லாக் கத்தினேன், எனக்கே திருப்தியா இருந்துச்சு. அப்புறம் பாத்தா இவன் அங்கேயே நிக்கிறான். ஓடிப்போவான்னு நெனச்சேன். என் தம்பி ஓடினான்."

ஒரு சிப்பியை உறிஞ்சிவிட்டு ஒயினைக் குடித்தார். இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினார். "சிப்பிக்கு முன்னால இது ஊமை. கடல் பேசுது, இது பதில் சொல்ல மாட்டேங்குது." பிறகு மீனில் ஒரு துண்டைக் குழம்பில் தோய்த்து உண்டு, மறுபடி குடித்தார். கோப்பையை ஆர்மெலிடம் நீட்டினார். "நீ சொல்லு."

அவளும் அதேபோல் உண்டு குடித்துப் பார்த்தாள். வெண்ணெயின் கனத்துக்கு அடியில் அந்த அமைதியான ஒயின் தன்னை விரித்துக்கொண்டது; துள்ளல் இல்லாததே அங்கே ஒரு நிதானமாக இருந்தது.

"மீனுக்கு நல்லாயிருக்கு," என்றாள். "நல்லாயிருக்குன்னா, நல்லாயிருக்கு. மண்டிமேல் கிடந்திருந்தா இதவிட நல்லாயிருந்திருக்கும்."

"ஆறுதல் சொல்லத் தெரியாத ஜென்மம்," என்றார் தொனாசியன் கில்தாஸிடம். "சிப்பிக்கு முதல் தொட்டி. மீனுக்கு இது. கழுத்துப் பட்டை வேண்டாம். வெறுங்கழுத்தோட வரட்டும்."

கில்தாஸ் பட்டை ஒட்டும் இயந்திரத்தை நிறுத்தினான். பத்தொன்பது ஆண்டில், அது ஓடாமல் மற்றவை மட்டும் ஓடும் ஓசையை அந்த லாரியிலிருந்து யாரும் கேட்டதில்லை. உறவினர்கள் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்கள். தொனாசியன் படிக்குக் கீழிருந்தே உரக்கச் சொன்னார்: "நம்ம போர்தோக்காரர் ஒயினைக் குளிப்பாட்டி விட்டுட்டாரு! இனிமே கேக்கறவங்களுக்கும் இதையே சொல்லிக்குங்க." சிரிப்பு எழுந்தது. அதில் குத்தல் இருந்தது; ஆனால் சொன்னவர் வீட்டுத் தலைவர் என்பதால் அதற்குமேல் போக யாருக்கும் துணிவில்லை. பெர்த்ரானின் காது சிவந்தது. அவன் பாட்டில் பெட்டிகளைத் தூக்கத் தொடங்கினான், மத்தியானம்வரை நிறுத்தவில்லை.

பதிவேட்டை ஆர்மெல் ஒரு பாட்டில் பெட்டியின் மேல் விரித்தாள். மூன்றாவது தொட்டி, மூவாயிரத்து அறுநூற்றிருபது பாட்டில், மண்டி நீக்கப்பட்டது. காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"என் பேரப் போடுங்க," என்றான் பெர்த்ரான்.

"தொட்டி என்னுது," என்றார் தொனாசியன். "என் பேரப் போடு."

"பேரு கேக்கல, காரணம்தான் கேக்கறாங்க," என்று சொல்லிவிட்டு, 'வீட்டார் ஒயினை இடம் மாற்றினர்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். யாரும் மறுக்கவில்லை. 'வீட்டார்' என்ற இடத்தில் மட்டும் தொனாசியனின் விரல் சற்றுத் தங்கி நகர்ந்தது.

கிளம்பும்போது அவர் கேட்டார். "நேத்து முள்ளு எங்க நின்னுச்சு?"

"தெளிவுல."

"தெரியும். துணி காய்ஞ்ச வேகத்தப் பாத்தேனே." ஊன்றுகோலால் லாரியின் சக்கரத்தை மெல்லத் தட்டினார். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா கில்தாஸுக்கு வாயி இருக்கு."

இருந்தது. கில்தாஸ் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவள் பையனைக் காப்பாற்றிய கதையாக, பெருமையோடுதான் ஒவ்வொரு முற்றத்திலும் சொன்னான். ஜூன் பதினைந்தாம் தேதி கல்யாணத்தில் நூற்றெண்பது பேர் மீனோடு வெறுங்கழுத்துப் பாட்டில்களைக் குடித்து, ஒயினைக் குளிப்பாட்டிய மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொன்னார்கள். பாதிப்பேர் வந்து ஆர்மெலின் கன்னத்தில் முத்தமிட்டார்கள். அவர்கள் எல்லாரும் அவளைப் புகழ்ந்துதான் பேசினார்கள்.

கல்யாணம் முடிந்த அடுத்த வியாழக்கிழமை, ஆற்றுக்கு மேற்கே ரோகாசியன் மெனோரியின் முற்றத்தில் லாரி நின்றது. வெயில் அடித்தது. பாட்டில்கள் இறங்கியிருந்தன. முள் காலையிலிருந்து சரிந்துகொண்டே வந்து 'மாறும்' என்ற எழுத்தையும் தாண்டியிருந்தது. ஆர்மெல் இறங்கி வந்து சொன்னாள்.

"இன்னைக்கு வேண்டாம், ரோகாசியன். காத்து இறங்குது."

பதினேழு ஆண்டாக அவள் வார்த்தைக்குத் தலையாட்டிவந்த அந்த மனிதர் வானத்தைப் பார்த்தார். பிறகு கண்ணைச் சுருக்கிச் சிரித்தார்.

"நிஜமாவே இறங்குதா? இல்ல, என் வீட்லயும் மாப்பிள்ளை எதையாவது கழுவிட்டானா?"

உதவிக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். கில்தாஸ் மட்டும் சிரிக்கவில்லை, மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

ஆர்மெலுக்குக் கோபம் வரவில்லை. கேட்டவர் கேட்டது நியாயம். அவள் லாரியின் பக்கக் கதவை முழுவதும் திறந்து ஒதுங்கி நின்றாள்.

"வந்து பாருங்க."

ரோகாசியன் சிரிப்பு மாறாமலே ஏறினார். உள்ளே தலையைக் குனிந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கண்ணாடி வட்டத்துக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். இத்தனை ஆண்டில் வீட்டுக்காரர் ஒருவர் அதைப் படித்துச் சரிபார்த்தது அதுவே முதல் முறை. இறங்கும்போது அவர் சிரிக்கவில்லை.

"ஆமா," என்றார், சற்றுக் கூச்சத்தோடு. "இறங்குது." பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "நாளைக்குத்தான்! சாப்பாட்டை எடுத்து வைங்க," என்று குரல் கொடுத்தார்.

ஆர்மெல் கதவைச் சாத்தவில்லை. மற்றவர்களும் பார்க்க விரும்பினால் பார்க்கட்டும் என்று திறந்தபடியே விட்டுவிட்டு, அவர்களோடு சாப்பிட உள்ளே போனாள்.